வான்மதி பார்க்கப் போன கோர்ட்

என் மனைவி வான்மதி கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கப் போகிறேன் என்று சொன்ன காலையில், என் கையிலிருந்த காபி லேப்டாப் மேல் கொட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கொட்டி, ஆபீஸில் கெஞ்சி வேறு லேப்டாப் வாங்க வேண்டியதாயிற்று.

"என்ன படிக்கப் போற?"

"கிரிமினல் ஜஸ்டிஸ்ங்க. இங்க கம்யூனிட்டி காலேஜ்லதான். ட்யூஸ்டே, தர்ஸ்டே காலைல," என்றாள். தயிர் வாங்கப் போய் வருகிறேன் என்று சொல்வதற்கும் இதற்கும் அவள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரில் எங்கள் தெருப் பெண்கள் படிக்காதவர்களா என்ன? டெஸ்டிங் படித்தார்கள், மெடிக்கல் கோடிங் படித்தார்கள், டேட்டா என்று தொடங்கும் எல்லாவற்றையும் படித்தார்கள். போலீஸ், திருடன், ஜெயில் என்று படிக்கப் போனவள் இவள் ஒருத்திதான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வான்மதி காங்கேயத்துக்காரி. கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி என்னோடு வந்தபோது டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. அப்புறம் எங்கள் பெண் தென்றல் பிறந்தாள். அவளைக் காரில் ஏற்றி இறக்குவதே பல வருஷம் இவளுக்கு உத்தியோகம். வேலை செய்யும் அனுமதி வந்ததும் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளை மேய்க்கப் போனாள். அது அலுத்துப்போய், அக்கவுண்டிங் படிக்கலாம் என்று காலேஜுக்குப் போனாள். அக்கவுண்டிங்கில் இடமில்லை. தென்றலைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அவள் வருவதற்குள் திரும்பக்கூடிய நேரத்தில் மிச்சம் இருந்தது இந்த வகுப்புதான். ஆகவே லட்சியம், கனவு என்றெல்லாம் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். டைம்டேபிள் பார்த்த வேலை அது.

ஆனால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேஜை கோர்ட் ஆயிற்று.

"ஏங்க, போலீஸ் வண்டிய நிறுத்தினா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இறங்கிப் போய் மரியாதையா லைசென்ஸக் காட்டுவேன்."

ஊரில் அப்படித்தானே? வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு போலீஸ்காரரைக் குனிந்து பேச வைத்தால் திமிர் பிடித்தவன் என்பார்கள். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இங்க இறங்கினா சண்டைக்கு வர்றான்னு நினைப்பாங்க. துப்பாக்கிய எடுத்தாலும் எடுப்பாங்க. உள்ளயே உக்காந்து ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெக்கோணும். நீங்க இறங்கினதில்லையே?"

போன வருஷம் ஒரு தடவை நான் இறங்கி, சிரித்த முகத்தோடு அவரை நோக்கி நடந்தே போயிருக்கிறேன். அந்த ஆள் ஏன் பின்னால் நகர்ந்து அப்படிக் கத்தினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு நாள், தென்றலுக்கு என்று எடுத்து வைத்திருந்த கடைசி மைசூர்பாகை நான் தெரியாமல் தின்றுவிட்டேன். "அப்பா ஸ்டோல் இட்!" என்று அவள் குதித்தாள். வான்மதி விசாரணைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்துட்டா மட்டும் திருட்டு ஆகாது கண்ணு. திருடணும்ங்கற எண்ணமும் இருக்கோணும். அவருக்கு அது உன்னுதுன்னே தெரியாது. தெரியும்னு சொன்னா, நீதான் ப்ரூவ் பண்ணோணும்."

நான் விடுதலையானேன். சட்டம் நல்ல விஷயம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

பத்மநாபன் சாருக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் ஆபீஸில் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், நங்கநல்லூர்க்காரர், என்னை விட மூத்தவர். நடமாட்டமே இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார். மனைவி ராஜலக்ஷ்மி ஒரு பல் டாக்டரிடம் பில்லிங் பார்க்கிறார். பிரணவ், ஸ்ம்ருதி என்று இரண்டு பிள்ளைகள். எத்தனையோ வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நின்று, இப்போதுதான் அவர் முறை நெருங்கியிருந்தது. இன்டர்வியூவுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். பிரணவுக்கு இருபத்தொன்று ஆவதற்குள் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பையன் அப்பாவின் வரிசையிலிருந்து கழன்றுவிடுவான், முதலிலிருந்து தனியாக நிற்க வேண்டும். அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

"ஏம்மா வான்மதி, நம்மளவாளுக்கும் கோர்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டார். "படிக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லையா?"

வான்மதி சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு வடை வைத்தாள்.

செமஸ்டர் நடுவில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு கோர்ட்டில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அவர்களுடைய புரபசர் பழைய போலீஸ்காரர். பார்க்கலாம், கேட்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தனியாப் போறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. நீங்களும் வாங்க," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கோர்ட் படி ஏறியவர் யாரும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பொண்டாட்டியின் வீட்டுப்பாடத்துக்காக அந்தப் பெருமையை விட்டுக் கொடுத்து, லீவ் போட்டுவிட்டுப் போனேன்.

பக்கத்து ஊர் முனிசிபல் கோர்ட். போலீஸ் ஸ்டேஷனை ஒட்டிய கட்டடம். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு தப்பும் செய்யாமலே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே பார்த்தால் பள்ளிக்கூட ஹால் மாதிரி சாதாரணமாக இருந்தது. மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஜட்ஜ். வேகமாக ஓட்டியவர், புல் வெட்டாதவர், நாயை ரோட்டில் விட்டவர் என்று ஒவ்வொருவராகப் போய் மைக் முன்னால் நின்றார்கள். புல் வெட்டாததற்கெல்லாம் கோர்ட்டா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டுப் புல்லை நினைத்துக் கொஞ்சம் பயம்.

வான்மதி குனிந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சும்மா முன்வரிசைகளைப் பார்த்தேன். கோட் போட்ட ஒரு முதுகு. படிய வாரிய தலை. எனக்கு அந்தத் தலையைத் தெரியும். தினமும் மீட்டிங்கில் அதற்குப் பின்னால்தான் உட்காருகிறேன்.

"வான்மதி, பத்மநாபன் சார் மாதிரி இல்ல?"

அவள் நிமிர்ந்தாள். அதே நேரத்தில் அவரும் திரும்பினார். எங்களைப் பார்த்தார். நான் பாதி கையைத் தூக்கிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. யாரோ தெரியாதவர்களைப் பார்த்ததைப் போல முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஸ்பீடிங் டிக்கெட்டா இருக்கும்," என்றேன். இண்டிகேட்டர் போடாமல் பார்க்கிங்கில்கூடத் திரும்பாத மனிதர் எங்கே வேகமாக ஓட்டினார் என்றும் யோசித்தேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றார். ஜட்ஜ் படித்ததில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. தெஃப்ட். திருட்டு. இன்ன கடையில், நூறு டாலருக்கு உட்பட்ட பொருள் என்று மேலே ஏதோ படித்தார். பத்மநாபனா? திருட்டா? வேறு யாருடைய காகிதத்தையோ மாற்றிப் படிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வான்மதி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, கில்ட்டின்னு சொல்லிடப் போறாருங்க. சிட்டிசனா இருந்தா ஃபைனோட போயிரும். நமக்கு அப்படி இல்ல. திருட்டுன்னு ரெக்கார்ட்ல ஏறிட்டா கிரீன் கார்டுக்கே வினையா வந்து நிக்கும். க்ளாஸ்ல இதுக்குன்னே ஒரு நாள் நடத்தினாங்க."

ஜட்ஜ் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், எதிர்த்து வாதாடாமல் விடலாம். பத்மநாபன் தொண்டையைக் கனைத்தார்.

என் பக்கத்து இடம் காலியானது. பார்த்தால் வான்மதி எழுந்து நிற்கிறாள்.

"சார்! கில்ட்டின்னு சொல்லாதீங்க! லாயர் வேணும்னு கேளுங்க!"

அந்த ஹாலில் சுத்தத் தமிழ்நாட்டுக் குரலில் இப்படி ஒரு சத்தம். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை. ஓரத்தில் நின்ற காவலர் எங்களை நோக்கி வந்தார். நான் இரண்டு கையையும் முன்சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்; அவள் சொல்லிக் கொடுத்ததில் அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் யார், வக்கீலா என்று ஜட்ஜ் கேட்டார்.

"ஸ்டூடன்ட், யுவர் ஆனர். கம்யூனிட்டி காலேஜ்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மாணவர்கள் இங்கே பேசக் கூடாது, வெளியே போங்கள் என்றார். பிறகு பத்மநாபனிடம் திரும்பி, லாயரோடு பேச நேரம் வேண்டுமா, தள்ளி வைக்கட்டுமா என்று அவராகவே கேட்டார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. இவள் மானம் போனாலும் போகட்டும், காரியம் ஆயிற்று என்று நினைத்தேன்.

பத்மநாபன் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை. பிறகு மைக் பக்கம் திரும்பினார்.

"நோ, யுவர் ஆனர். கில்ட்டி."

காவலர் எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். வான்மதி சுவரில் சாய்ந்து நின்றாள். "ஏங்க சொன்னாரு? அந்தம்மா நேரம் தர்றேன்னு சொல்லியும் ஏன் சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

அவர் ஃபைன் கட்டிவிட்டு வெளியே வந்து, எங்களைக் கவனிக்காத மாதிரி விடுவிடுவென்று காரை நோக்கி நடந்தார். வான்மதி ஓடிப் போய்க் கார்க் கதவை மறித்து நின்றாள்.

"சார், ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"வழி விடும்மா." என்றார். "நீங்க எதுக்கு இங்க வந்தேள்? யார் சொன்னா உங்களுக்கு?"

"யாருமே சொல்லலை சார். காலேஜ் அசைன்மென்ட். அந்தம்மா தள்ளி வெக்கறேன்னு சொன்னாங்களே, சரின்னு சொல்லியிருக்கலாமே?"

"தள்ளி வெச்சு? மறுபடி மறுபடி வந்து நிக்கறதா?" அவர் என்னைப் பார்த்தார். "வேலு, நீங்க ரெண்டு பேரும் பாத்தாச்சு. இனிமே கேஸ் நடத்தி எனக்கு என்ன ஆகணும்?"

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. ஜட்ஜ் தரும் தீர்ப்பு அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு தமிழர்கள் பார்த்துவிட்டார்கள், அதிலேயே அவர் கேஸ் முடிந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையின் எதிர்காலத்தைக் கொண்டுபோய் அந்த மைக்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறாரே!

"என்னதான் சார் நடந்துது?" என்றேன்.

சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் பெரிய கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஆபீஸ் போன் கால் ஓடிக்கொண்டிருந்தது, காதில் ஹெட்செட். தானே ஸ்கேன் செய்து பணம் கட்டும் மெஷினில் தள்ளுவண்டியின் மேல்தட்டில் இருந்த எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கட்டிவிட்டு வெளியே வந்தால், வாசலில் பிடித்துக்கொண்டார்கள். வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு அரிசி மூட்டை. அது பில்லில் இல்லை. உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள், போலீஸ் வந்தது, கோர்ட்டுக்கு வரச் சொல்லித் தாளைக் கொடுத்தது.

"ஸ்கேன் பண்றதுலேர்ந்து எல்லாம் கேமரால இருக்குன்னான். நான் சாரி, மறந்துட்டேன்னேன். லிஸ்ட்ல அரிசி இருந்தது, நான்தானே வெச்சிருப்பேன்? வேற யாரு? கால்ல இருந்ததுல நினைவே இல்லை. ஒருவேளை தெரிஞ்சேதான் பண்ணினேனோன்னுகூட இப்பல்லாம் தோணறது வேலு."

வான்மதி அவர் கையைப் பிடிக்காத குறை. "நினைவு இல்லைன்னா அது திருட்டே இல்லை சார். எடுக்கணும்ங்கற எண்ணம் இருந்தாத்தான் திருட்டு. இன்னும் வழி இருக்குது. பத்து நாளைக்குள்ள அப்பீல் பண்ணினா மேல் கோர்ட்ல முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு படிச்சேன். நான் லாயர் இல்லை, எனக்கு முழுசாத் தெரியாது. ஆனா இன்னிக்கே ஒரு லாயரப் பாக்கோணும். ராஜிக்காவைக் கூட்டிட்டுப் போங்க."

"ராஜியா?" அவர் பதறிப்போனார். "அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா தாங்க மாட்டா. இத்தனையும் எதுக்குப் பண்ணினேன்? அவளுக்குத் தெரியாம முடிச்சுடணும்னுதான். சத்தியம் பண்ணுங்கோ, ரெண்டு பேரும்."

நான் சத்தியம் செய்யத் தயாராகத்தான் இருந்தேன். அடுத்தவர் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு? வான்மதி போனை எடுத்துவிட்டாள். "வேண்டாம் வான்மதி," என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், இப்படியும் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பத்மநாபன் போனைப் பிடுங்க வந்தார். அதற்குள் ஸ்பீக்கரில் குரல் வந்துவிட்டது.

"சொல்லுங்கோ வான்மதி."

"ராஜிக்கா, பயப்படாதீங்க, சார் நல்லா இருக்காரு. நாங்க கோர்ட் வாசல்ல நிக்கறோம்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடை, மெஷின், கீழ்த்தட்டில் அரிசி மூட்டை, போலீஸ், இப்போது கில்ட்டி என்று சொல்லிவிட்டது வரைக்கும். பத்மநாபன் காரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அழுகை வரும், கத்தல் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"எந்த அரிசி மூட்டை?" என்றார் ராஜலக்ஷ்மி மெதுவாக. "கிளினிக்லேர்ந்து நேரா அங்க வந்துட்டு, ஸ்ம்ருதிய பிக்கப் பண்ண ஓடினேனே, அன்னிக்கா? நான் கீழ்த்தட்டுல வெச்ச மூட்டையா?"

பத்மநாபன் கண்ணைத் திறந்தார். "நீ வெச்சியா?"

"நான்தான் வெச்சேன். உங்க பின்னால நின்னு சொல்லிட்டுத்தானே போனேன், கீழ அரிசி இருக்கு, ஸ்கேன் பண்ணிடுங்கோன்னு. தலைய ஆட்டினேளே?"

ஹெட்செட்டில் யாருக்கோ ஆட்டிய தலை அது; பின்னால் மனைவி வந்து போனதையே அவர் கவனிக்கவில்லை.

"அரிசி எங்கன்னு வந்து கேட்டேனே. மெஷின் வேலை செய்யலை, திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னேளே. என்கிட்ட ஏன் சொல்லலை? வான்மதி, அங்கேயே இருங்கோ, நான் இப்ப வரேன். நான் அந்த ஜட்ஜ்கிட்ட சொல்றேன்."

"இப்ப சொல்ல முடியாதுக்கா," என்றாள் வான்மதி. "மொதல்ல லாயர். நீங்க வாங்க."

பத்மநாபன் கோட்டோடு அந்தப் பார்க்கிங் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் கலங்காத மனிதர் இப்போது விக்கி விக்கி அழுதார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, பக்கத்தில் நின்றேன். ஒரு மாதமாக இந்த மனுஷன் தன்னைத் திருடன் என்று நம்பியிருக்கிறார். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அதே வீட்டில் இவருக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் இவர் கில்ட்டி என்று சொன்னார்.